ஆமைக்குக் கொஞ்சம் வழிவிடுங்க... பெர்ஹெந்தியான் தீவில் ஒரு ஸ்நார்க்கல் நாள்!

இன்ஸ்டாவில் அந்த ரீலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மாதிரி தெளிவான கடல், அடியில் வெள்ளை மணல், அதன்மேல் சாவகாசமாக நீந்திப் போகும் ஒரு பெரிய ஆமை. பக்கத்திலேயே மாஸ்க் மாட்டிய ஒருவர் மிதந்துகொண்டிருப்பார். பின்னணியில் ஒரு மெலடி. மொத்தம் 15 விநாடி. 'வாழ்ந்தா இப்படி வாழணும்டா' என்று கமென்ட்டில் யாராவது எழுதியிருப்பார்கள்.

ரீலில் வராதது, ஃப்ரேமுக்கு வெளியே இருக்கிறது. சீசன் நாளில் அதே ஆமையைச் சுற்றி ஆரஞ்சு கலர் லைஃப் ஜாக்கெட்டில் இருபது, முப்பது பேர் மிதப்பார்கள். ஏழெட்டுப் படகுகள் நிற்கும். 'அதோ அங்கே' என்று படகோட்டிகள் கை காட்டிக்கொண்டிருப்பார்கள். கீழே இருக்கிற ஆமைக்கு அந்த நேரத்தில் தேவைப்படுவது ஒன்றே ஒன்றுதான். மேலே வந்து ஒரு தடவை மூச்சு விடணும்.

மலேசியாவின் பெர்ஹெந்தியான் தீவுகளில் ஒரு ஸ்நார்க்கல் ட்ரிப் எப்படி இருக்கும், அதற்கு எப்படித் தயாராவது என்று பார்க்கலாம். கூடவே, ஆமையைத் துரத்தாமலே நன்றாகப் பார்ப்பது எப்படி என்பதையும். உண்மையில் துரத்தினால்தான் பார்க்க முடியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கே இருக்கு, எப்போ போகணும்?

'பெர்ஹெந்தியான்' என்றால் மலாய் மொழியில் நிற்கும் இடம். நம்மூர் பஸ் ஸ்டாப் மாதிரி. அந்தக் காலத்தில் வியாபாரிகளின் படகுகள் இங்கே நின்று இளைப்பாறிவிட்டுப் போனதால் வந்த பெயர் என்கிறார்கள். மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குப் பக்கம், திரெங்கானு மாநிலக் கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பெசார் என்பது பெரிய தீவு, கெச்சில் என்பது சின்னத் தீவு. பேக்பேக்கோடு வரும் இளவட்டக் கூட்டம் கெச்சிலில் தங்கும். குடும்பங்கள் பெரும்பாலும் பெசாருக்குப் போய்விடும்.

கோலாலம்பூரிலிருந்து கோத்தா பாருவுக்கு ஒரு மணி நேர ஃப்ளைட், அங்கிருந்து டாக்ஸியில் கோலா பெசுட் படகுத்துறை. காசை மிச்சம் பண்ண நினைப்பவர்களுக்கு நேராக இரவு பஸ் இருக்கிறது, எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். படகுத்துறையில் கடல் பூங்காவுக்கான கட்டணம் கட்டிவிட்டு ஸ்பீட் போட்டில் ஏறினால் அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் தீவு. முதுகு வலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் படகின் முன்பக்கத்தில் உட்காரவே வேண்டாம். அலை மோதும்போது தூக்கிப்போடுவது முன்பக்கத்தில்தான். தீவில் கார் ரோடு கிடையாது. ஒரு கடற்கரையிலிருந்து இன்னொன்றுக்குப் போக வாட்டர் டாக்ஸிதான். ஏ.டி.எம்மை நம்பிப் போகாமல் ரிங்கிட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

கோலாலம்பூரிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்புகிற கதை இங்கே நடக்காது. குறைந்தது இரண்டு இரவு தங்கி, நடுவில் ஒரு முழுநாளை ஸ்நார்க்கலுக்கு ஒதுக்குவதுதான் சரி. இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை, 30 நாள்களுக்குள் திரும்பும் பயணத்துக்கு விசா தேவையில்லை. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் டிஜிட்டல் அரைவல் கார்டு மட்டும் ஆன்லைனில் நிரப்பணும்.

முக்கியமான விஷயம், மாதம். நவம்பரில் சென்னையை மிதக்கவிடும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் இந்தக் கரையையும் அடிக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கடல் கொந்தளிக்கும், பெரும்பாலான ரிசார்ட்கள் ஷட்டரை இறக்கிவிடும். 'பொங்கல் லீவுக்குப் போயிட்டு வரலாம்' என்று பிளான் போட்டிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை கண்ணை மூடிக்கொண்டு போகலாம். நம் கோடை விடுமுறைக்குச் சரியாகப் பொருந்தும்.

"எனக்கு நீச்சலே தெரியாதே!"

ஸ்நார்க்கல் என்றதும் நம் ஆள்கள் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். நியாயமான பயம். ஆனால், ஸ்நார்க்கல் என்பது நீந்துவதைவிட மிதப்பது. லைஃப் ஜாக்கெட் உங்களை மிதக்க வைக்கும், மாஸ்க் பார்க்க வைக்கும், குழாய் மூச்சுவிட வைக்கும். நீங்கள் செய்ய வேண்டியது பதறாமல் இருப்பது மட்டும்தான். அதுதான் கஷ்டமான பகுதி என்பதும் உண்மை.

அதனால் முதல் முயற்சியைப் படகில் போய்ச் செய்யாதீர்கள். ட்ரிப்புக்கு முந்தைய நாள் மாலை, தங்கும் இடத்துக்கு எதிரே இடுப்பளவு தண்ணீரில் நின்று பழகுங்கள். முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்து வாயால் மூச்சு விடணும். ஆரம்பத்தில் மூளை ஒத்துக்கொள்ளாது. 'தண்ணிக்குள்ள மூஞ்சி இருக்கு, மூச்ச நிறுத்து' என்று அடம்பிடிக்கும். பத்து நிமிடத்தில் சமாதானமாகிவிடும். இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக, மெதுவாகச் செய்யுங்கள். படபடவென்று மேலோட்டமாக மூச்சு வாங்கினால் நீங்கள் விட்ட பழைய காற்றே குழாயில் நின்று திரும்ப உள்ளே போகும். மூச்சுமுட்டுகிற மாதிரி தோன்றுவதும் அதிலிருந்து பதற்றம் கிளம்புவதும் இதனால்தான். குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் 'ஃபூ' என்று ஒரே ஊது, வெளியே தெறித்துவிடும்.

மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்களுக்கான மாஸ்க். மீசைக்காரர்களுக்கு மூக்குக்குக் கீழே கசியும். மீசையில் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் போதும், மழிக்க வேண்டிய அவசியமில்லை. நீள முடி உள்ளவர்கள் ஒரு முடிகூட மாஸ்க்கின் ரப்பர் விளிம்புக்குள் மாட்டாமல் பார்த்துக்கொள்ளணும். கண்ணாடி போடுகிறவர்கள் பவர் மாஸ்க் கிடைக்குமா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். கண்ணாடி இல்லாமல் போய் இறங்கினால் ஆமைக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. முகம் முழுக்க மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க், ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்க வேண்டாம். அதில் பழைய காற்று தேங்கும் வாய்ப்பு அதிகம், அவசரத்தில் சட்டென்று கழற்றவும் வராது.

உடை விஷயத்தில் கூச்சப்படுபவர்களுக்கு நல்ல செய்தி. திரெங்கானு முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாநிலம். உள்ளூர்க் குடும்பங்கள் முழுக்கை டி-ஷர்ட், லெக்கின்ஸோடுதான் கடலில் இறங்கும். நீங்களும் அப்படியே இறங்கலாம், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதில் இன்னொரு லாபம் இருக்கிறது. குப்புற மிதக்கும்போது வெயில் அடிப்பது முதுகிலும் முழங்காலின் பின்பக்கத்திலும்தான். துணி மூடியிருந்தால் சன்ஸ்கிரீன் பாதி மிச்சம். சன்ஸ்கிரீனில் இருக்கும் ஆக்ஸிபென்சோன் போன்ற சில ரசாயனங்கள் பவளத்துக்குக் கெடுதல் என்று ஹவாய், பலாவ், தாய்லாந்தின் கடல் பூங்காக்கள் எல்லாம் தடை போட்டிருக்கின்றன. பவளத்தை வெளுக்க வைக்கும் பெரிய வில்லன் கடல் சூடாவதுதான், அதை நம் டி-ஷர்ட் தடுத்துவிடாது. இருந்தாலும் நம் பங்கைக் குறைத்துக்கொள்வதில் நஷ்டம் என்ன?

படகில் ஏறிய பிறகு

பகிர்ந்துபோகும் ட்ரிப்புகள் பெரும்பாலும் காலை 10 மணி வாக்கில் கிளம்பி, நான்கைந்து இடங்களில் நிறுத்தி, மாலை 4 மணிக்குள் கொண்டுவந்து விட்டுவிடும். எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆமை இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருகிறார்கள் என்பதுதான் சிக்கல். நான்கைந்து பேர் சேர்ந்து போகிறீர்கள் என்றால் தனிப் படகு பேசுங்கள். 'எட்டு மணிக்கே கிளம்பணும், முதல்ல ஆமை' என்று சொல்லிவிடுங்கள். தலைக்குக் கொஞ்சம் கூட ஆகும், கொடுத்த காசுக்கு அர்த்தம் இருக்கும். பேசும்போதே இன்னொன்றையும் கேளுங்கள்: மீனுக்கு பிரெட் போடுவீர்களா? 'ஆமா, நிறைய வரும்!' என்று உற்சாகமாகச் சொன்னால் வேறு படகு பாருங்கள்.

ஷார்க் பாயின்ட் என்ற இடத்தில் வருவது கருமுனைச் சுறா. துடுப்பு நுனியில் மை தொட்ட மாதிரி கறுப்பு இருக்கும். ஒன்றரை மீட்டர் அளவுதான் வளரும், நம்மைப் பார்த்தால் அதுதான் ஓடும். தண்ணீருக்கு அடியில் மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால் 'ஆறடிச் சுறா பார்த்தேன்' என்று ஊருக்கு வந்து சொல்கிறவர்களை மன்னித்துவிடலாம்.

சுறாவைவிட ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது டைட்டன் ட்ரிகர் மீனிடம்தான். சாதுவாகத்தான் தெரியும். ஆனால் மணலில் முட்டையிட்டுக் காவல் காக்கும் நாள்களில் யார் வந்தாலும் பாய்ந்து கடிக்கும். அதன் எல்லை கூம்பு மாதிரி மேல்நோக்கி விரிந்திருக்கும். பயந்துபோய் மேலே போனால் அதன் எல்லைக்குள்தான் இருப்பீர்கள். பக்கவாட்டில் விலகிப்போனால் விட்டுவிடும்.

பவளப்பாறையில் மட்டும் எழுந்து நிற்காதீர்கள். பாறை என்று பெயர் இருந்தாலும் அது உயிர். பெரிய உருண்டை வடிவப் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். நம் ஃபின்ஸ் ஒரு உதையில் பல வருட வளர்ச்சியைப் பெயர்த்துவிடும்.

மதியச் சாப்பாடு பல ட்ரிப்புகளில் கெச்சிலில் இருக்கும் மீனவக் கிராமத்தில். நாசி கோரெங், சுட்ட மீன், மீன் மாவில் செய்த கெரோபோக் லெக்கோர் என்று அசைவக்காரர்களுக்குக் கொண்டாட்டம். சைவம் என்றால் கொஞ்சம் உஷார். 'வெஜிடபிள் ஃப்ரைடு ரைஸ்' என்று சொன்னாலும் அதிலிருக்கும் சம்பலில் பெலாச்சான், அதாவது இறால் விழுது கலந்திருக்கும். பெலாச்சான் வேண்டாம் என்று தனியாகச் சொல்லணும். மலேசியாவுக்கு நம்மவர்கள் கொண்டுபோன ரொட்டி சனாய் கிடைத்தால் தப்பித்தீர்கள். அதற்கும் பருப்புக் குழம்புதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று விநாடி

இப்போது ஆமைக்கு வருவோம். பெசார் தீவின் தெலுக் பாவ் விரிகுடாவில் மணல் தரையில் கடற்புல் வளர்ந்திருக்கிறது. பச்சைக் கடலாமைகள் இங்கே வருவது நம்மைப் பார்க்க அல்ல, மேயத்தான். நம் மன்னார் வளைகுடா மீனவர்கள் பேராமை என்று சொல்லும் அதே இனம். வளர்ந்துவிட்டால் பெரும்பாலும் சைவம். ஓடு மட்டும் ஒரு மீட்டர் நீளம், எடை நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். பார்க்கும்போது மாடு மேய்கிற மாதிரிதான் இருக்கும். தலையைச் சாய்த்து ஒரு கொத்து, கொஞ்சம் நகர்ந்து இன்னொரு கொத்து.

ஆமைக்குச் செவுள் கிடையாது, நம்மைப் போல நுரையீரல்தான். தூங்கும்போது மணிக்கணக்கில் மூச்சைப் பிடித்திருக்க முடிகிற இதே விலங்கு, மேயும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வரும். தலையை நீட்டி, 'புஸ்' என்று விட்டு, ஒரு இழுப்பு இழுத்து, திரும்பக் கீழே. இரண்டு, மூன்று விநாடிதான் வேலை. பயந்து வேகமாக நீந்தினால் பிராணவாயு சீக்கிரம் தீரும், அடிக்கடி மேலே வர வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் மேலே முப்பது பேர் கூரை போட்ட மாதிரி மிதந்துகொண்டிருந்தால்? வருவதற்கு எழும்பும், ஆள்களைப் பார்த்துத் திரும்பும், வேறு பக்கம் போய் முயற்சி செய்யும். அங்கேயும் ஒரு கோ-ப்ரோ காத்திருக்கும். கூட்டத்திலிருந்து தப்பி மேலே வருகிற இடத்தில் படகின் புரொபெல்லர் சுற்றிக்கொண்டிருந்தால் கதை முடிந்தது. ஓட்டில் வெட்டுக்காயத்தோடு சுற்றும் ஆமைகள் இந்தத் தீவுகளில் உண்டு.

கடலாமை தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்று சொன்னால் நம்பாதவர்கள், 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கிய பங்குனி ஆமைகளை நினைத்துப் பாருங்கள். வலையில் மாட்டிய ஆமைக்கு மேலே வர வழியிருக்காது. அவ்வளவுதான் காரணம்.

சரி, எப்படிப் பார்ப்பது? ஆமைக்கு நேர் மேலே போகாதீர்கள். முன்னால் போய் வழியை மறிக்காதீர்கள், பின்னால் துரத்தாதீர்கள். பக்கவாட்டில், மூன்று நான்கு மீட்டர் தள்ளி, அசையாமல் மிதந்துகொண்டிருங்கள். மாஸ்க் வழியாகப் பார்த்தால் எல்லாமே பக்கத்தில் தெரியும் என்பதால், 'ரொம்பத் தள்ளி இல்லையே' என்று தோன்றுகிற தூரம்தான் பெரும்பாலும் சரியான தூரம். ஆமை தொடர்ந்து மேய்ந்தால் நீங்கள் அதற்குப் பிரச்னை இல்லை. மேய்வதை நிறுத்தி, தலையைத் தூக்கி, முன்துடுப்பை வேகமாக அடிக்க ஆரம்பித்தால் இருக்கும் இடத்திலேயே நில்லுங்கள், இல்லையென்றால் பின்வாங்குங்கள்.

நாங்கள் போன படகில் ஒரு அம்மா இருந்தார். நீச்சல் தெரியாது, கயிறு கட்டிய மிதவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. மற்ற எல்லாரும் ஆமைக்குப் பின்னால் ஃபின்ஸ் அடித்துக்கொண்டு போனோம், அது ஆழத்துக்குப் போய்விட்டது. சுற்றிவிட்டு அது மூச்சுவிட மேலே வந்தது அந்த அம்மாவுக்கு இரண்டு கை தூரத்தில். முதுகில் ஒட்டுமீன் ஒட்டியிருந்ததைக்கூடப் பார்த்தேன் என்று திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

பத்தாயிரத்திலிருந்து பூஜ்யத்துக்கு

இவ்வளவு கறார் எதற்கு என்று தோன்றலாம். இதே திரெங்கானுவில் ஒருமுறை ஆமையைக் கூட்டம் போட்டுப் பார்த்து முடித்தாகிவிட்டது, அதனால்தான்.

பெர்ஹெந்தியானுக்குத் தெற்கே, நிலப்பகுதிக் கரையில் ரந்தாவ் அபாங் என்ற கடற்கரை இருக்கிறது. கடலாமைகளிலேயே பெரிதான ஏழுவரி ஆமை முட்டையிட வந்த, உலகப் புகழ்பெற்ற இடம். 1950-களில் ஆண்டுக்கு 10,000-க்கும் மேற்பட்ட கூடுகள். அப்போது முட்டையெடுக்க உரிமம் கொடுத்தது அரசு. கிட்டத்தட்ட எல்லா முட்டைகளும் சந்தைக்குப் போயின. டூரிஸ்ட்டுகள் டார்ச் அடித்து, பாட்டுப் பாடி, முட்டையிடும் ஆமையின் முதுகில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்தார்கள். ஆமை முதிர்ச்சியடைந்து முட்டையிட வரவே பல ஆண்டுகள் ஆகும் என்பதால், முட்டைகள் காலியாகிக்கொண்டிருந்ததும் உடனே தெரியவில்லை. வயதான பெண் ஆமைகள் வந்துகொண்டேதான் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் வர வேண்டிய தலைமுறைதான் இல்லை.

காப்பாற்றப் பொரிப்பகம் வைத்தார்கள். அங்கேயும் ஒரு சோகம். ஆமைக்குஞ்சு ஆணா, பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடு. மணல் சூடாக இருந்தால் பெண். பொரிப்பகத்தின் சூடான மணலிலிருந்து வெளிவந்தவை பெரும்பாலும் பெண்களாகவே இருந்தன என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இன்று அந்தக் கரையில் ஒரு ஏழுவரி ஆமை ஏறினால் அதுவே செய்தி.

மற்ற ஆமைகளின் முட்டைகளும் கோலா திரெங்கானுவின் பாசார் பாயாங் சந்தையில் பிங்பாங் பந்து மாதிரி அடுக்கி வெளிப்படையாக விற்கப்பட்டன. அதை முழுவதுமாகத் தடைசெய்யும் சட்டம் அமலுக்கு வந்தது 2022 ஜூன் 1-ல்தான். இன்று தெலுக் பாவில் நீங்கள் பார்க்கும் ஆமை, அந்தச் சந்தைக்குப் போகாமல் தப்பித்த ஒரு முட்டை. படகோட்டிக்கும் இது தெரியும். உயிரோடு இருக்கும் ஒரு ஆமையைக் காட்டித்தான் தினமும் அவர் வீட்டில் உலை கொதிக்கிறது. 'கிட்ட போகாதீங்க, ஆமை போயிடும்' என்று நாம் ஒரு வார்த்தை சொன்னால், கிட்டே கொண்டுபோய்க் காட்டினால்தான் கஸ்டமர் சந்தோஷப்படுவார் என்ற எண்ணம் அவருக்கும் கொஞ்சம் மாறும்.

போட்டோ எடுங்க, ஆனா முகத்தை எடுங்க!

ஆமையின் கன்னத்தில் இருக்கும் செதில்களின் அமைப்பு நம் கைரேகை மாதிரி, ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. பெர்ஹெந்தியான் டர்டில் புராஜெக்ட் என்ற அமைப்பு இதை வைத்துத்தான் இங்கே வரும் ஆமைகளை அடையாளம் கண்டு கணக்கு வைத்திருக்கிறது. டூரிஸ்ட்டுகள் எடுக்கும் போட்டோக்களும் இதற்கு உதவும். எங்கே, எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்பதைக் குறித்துவைத்துச் சேர்த்து அனுப்பணும்.

எந்த இனம் என்பதையும் முகத்திலேயே சொல்லிவிடலாம். இரண்டு கண்களுக்கும் நடுவே ஒரே ஒரு ஜோடிச் செதில் இருந்தால் பச்சை ஆமை. இரண்டு ஜோடி இருந்து, வாய் கிளி மூக்கு மாதிரி வளைந்திருந்தால் அழுங்காமை. இது புல்வெளியில் இல்லாமல் பவளத்தின் இடுக்குகளில் கடற்பஞ்சைக் கொத்திக்கொண்டிருக்கும்.

முகத்தின் இடது பக்கச் செதிலும் வலது பக்கச் செதிலும்கூட வேறு வேறு. இரண்டு பக்கமும் கிடைத்தால் நல்லது. ஒரு பக்கம்தான் கிடைத்ததா, அதையே அனுப்புங்கள். இன்னொரு கன்னத்துக்காகச் சுற்றிப்போய் முன்னால் நிற்க வேண்டாம். அது மூச்சுவிட வருகிற வழியாக இருக்கும்.